செவத்தியம்மா வேண்டாமென்ற வலை

ஞானஸ்நானப் புத்தகத்தில் அவள் பெயர் செபாஸ்தியம்மாள். ஊர் வாயில் அது தேய்ந்து செவத்தியம்மா ஆகிவிட்டது. அகரத்திலிருந்து தாடிக்கொம்பு போகிற வழியில், ரோட்டை விட்டு இறங்கினால் மூன்றாவது தோட்டம் அவளுடையது. முக்கால் ஏக்கர் கோவைக்காய்ப் பந்தல், அரை ஏக்கர் சின்ன வெங்காயம், ஒரு கிணறு, ஒரு புருஷன். கிணற்றையும் புருஷனையும் அவள் ஒரே கண்ணோடுதான் தினமும் எட்டிப் பார்ப்பாள், நேற்று இருந்தது இன்றைக்கும் குறையாமல் இருக்கிறதா என்று.

அவளுக்குக் கடவுள் மேல் நம்பிக்கை உண்டு. அதோடு சரி. கடவுளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற கோயில்பிள்ளை மேல் கிடையாது. மண்டித் தராசின் மேல் கிடையாது. மழை வரும் என்று ரேடியோவில் சொல்கிறவர் மேல் சுத்தமாகக் கிடையாது. ஜெபம் சொல்லும்போதுகூட ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்திருப்பாள், வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை எவள் மாட்டிக்கொண்டு போகிறாள் என்று பார்க்க. அவள் சந்தேகப்படாத ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பிறந்தாலும் விடமாட்டாள், தொட்டிலை எட்டிப் பார்த்து, "இது யாரு சாடைடி?" என்பாள்.

சும்மா வந்த குணம் இல்லை அது. எழுபத்து மூன்றில் அவளைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளை ஆரோக்கியதாஸுக்குப் பன்னிரண்டு மாதமும் வற்றாத கிணறு இருக்கிறது என்று தரகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தாலி கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தால், கிணற்றுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிடித்த சந்தேகம்.

எண்பத்தெட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்தது. பிறந்த பன்னிரண்டாம் நாள் வெங்காயம் பிடுங்க வேண்டியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. பச்சை உடம்போடு போய் வெங்காயக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். அடிவயிற்றில் என்னவோ நழுவியது. பெண்கள் குரலை இறக்கி 'அடி தள்ளிருச்சு' என்று சொல்வார்களே, அந்தச் சங்கதிதான். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடித்திருக்கிற தசைகள் தளர்ந்து, அது தன் இடத்தை விட்டு இறங்கிவிட்டது. முதலில் பாரம் தூக்கினால் மட்டும் வந்தது. பிறகு நடந்தாலே வந்தது. கடைசியில் வெளியிலேயே வந்து நின்றுவிட்டது. படுத்துத் தள்ளிவிட்டால் உள்ளே போகும், எழுந்து நாலு எட்டு வைத்தால் மறுபடி வந்துவிடும்.

இப்படிப் பத்தொன்பது வருஷம்! பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டு களை வெட்டினாள், காய் பறித்தாள், மூட்டை சுமந்தாள், பூசைக்குப் போய் முழங்காலில் நின்றாள். ஒருத்தியிடம் வாய் திறக்கவில்லை. ஒருத்தியிடம் சொன்னால் அகரத்துக்கே தண்டோரா போட்ட மாதிரி என்பது அவள் கணக்கு. புருஷனிடமும் சொல்லவில்லை, பாயை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மனுஷன் ஏன் என்று கேட்டுப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், பிறகு பேசாமல் இருந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்ததும் இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வடமதுரைச் சந்தைக்குப் போய் அவர் நேரம் கழித்து வந்தால் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். மாட்டுச் சாணி வாசம்தான் அடிக்கும். என்ன பிழைப்பு, சொல்லுங்கள்!

இடையில் நைலான் கயிறு கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோவைக்கொடியைப் பந்தல் ஏற்றுகிறபோது, கொடியைக் கல்தூணோடு சேர்த்து நனைத்த வாழைநாரால் கட்டுவார்கள். தொண்ணூற்றொன்பதில் ஆரோக்கியதாஸ் டவுனிலிருந்து பச்சை நைலான் கயிறு ஒரு கண்டு வாங்கிவந்தார். "இந்தா பாரு, மக்கவே மக்காது. வருசா வருசம் நாரு நனைச்சு ஒக்காந்து கெடக்க வேண்டாம்" என்றார். அந்த ஒரு தடவை, அலுப்பில், அவளும் சரி என்றுவிட்டாள். இரண்டாம் வருஷம் கொடியில் இலையெல்லாம் பழுத்தது. உரம் வைத்தார்கள், மருந்து அடித்தார்கள். அவள் குனிந்து தண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கயிற்றைக் காணோம். தண்டு பெருத்து, கயிற்றை உள்ளே வாங்கி, மேலே தோல் மூடியிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தால் தண்டே இரண்டாகக் கிழிந்தது. அப்படி நாற்பது கொடி போயிற்று. வாழைநார் மக்கிவிடும்தான். ஆனால் அது மக்குவதற்குள் கொடி தன் சுருளால் பந்தல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கட்டு எதற்கு?

இரண்டாயிரத்து ஏழு தவக்காலத்தில் அவளுக்கு ஒன்றுக்குப் போவதே சிரமமாகிவிட்டது. இறங்கி நிற்பதைக் கையால் தூக்கிப் பிடித்தால்தான் சொட்டுச் சொட்டாகப் போகும். இரண்டு முறை குளிர் ஜுரம் வந்தது. இப்படியே விட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்பதை யாரும் சொல்லாமலே உடம்பு சொன்னது. அந்தச் சமயம் பார்த்து, மருமகள் ஜோஸ்பின் கோயிலிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். டவுனில் புதிதாக வந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் பெண்களுக்கு இலவச முகாம் போடுகிறார்களாம்.

"ரெண்டு பேரும் போயிட்டு வருவமா அத்தே?"

"ரெண்டு பேருமா? ஒனக்கு என்ன நோவு?"

"சும்மாத்தான்" என்று ஜோஸ்பின் நோட்டீஸை மடித்தாள்.

ஜோஸ்பின், செவத்தியம்மாவின் மகன் இனிகோவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். இரண்டு பிள்ளைக்காரி, சின்னவனுக்குப் பத்து மாதம். அதிகம் பேசமாட்டாள். அதுதான் மாமியாருக்குப் பிடிக்காதது. வாயாடி என்றால் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளலாம், வாயே திறக்காதவளிடம் எதைப் பிடிப்பது? இவளுக்கு நம்ம உடம்பு மேல் திடீரென்று என்ன அக்கறை என்று யோசித்துக்கொண்டேதான் செவத்தியம்மா கிளம்பினாள்.

முகாமில் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். போனாள். ஏசி அறை. டாக்டர் நல்ல சிவப்பு, நல்ல சிரிப்பு. பக்கத்தில் டை கட்டிய ஒருத்தன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஒரு பாலிதீன் உறையிலிருந்து வெள்ளையாக ஒரு துண்டை எடுத்து மேஜையில் விரித்தார். கண் கண்ணாக இருந்தது.

"இது என்னங்க, கொசுவலையா?"

டாக்டர் சிரித்தார். "வலைதாம்மா. உங்க சதை நைஞ்சு போச்சு. நைஞ்ச துணியில தையல் போட்டா நிக்குமா? அதான் உள்ள இந்த வலையை வச்சுத் தாங்கிக் குடுத்துருவோம். சதை இதுக்குள்ள வளர்ந்து கெட்டியாப் பிடிச்சுக்கும். வெளிநாட்டுச் சரக்கு. ஆயுசுக்கும் மக்கவே மக்காது."

புருஷன் சொன்ன அதே வார்த்தை! செவத்தியம்மாவுக்குச் சுருக்கென்றது. துண்டை எடுத்து, இரண்டு விரலால் தேய்த்து, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நைலான் இல்லை, ஆனால் நைலானுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"சரிங்க. நாளைக்கு இது ஒத்துக்கலைன்னா எப்புடி வெளிய எடுப்பீக?"

டாக்டர் டை கட்டியவனைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"எதுக்கும்மா எடுக்கணும்?"

"நான் எதுக்குன்னு கேக்கல, எப்புடின்னு கேட்டேன்."

"அம்மா, இதுல ஒரு குறையும் கிடையாது. தைரியமா இருங்க."

அந்த ஒரு பேச்சோடு காரியம் கெட்டது. குறையே இல்லாத மாட்டை எவனாவது சந்தைக்கு ஓட்டிவருவானா? செவத்தியம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை வந்து திரும்பினால் ஜோஸ்பினைக் காணோம். அவள் டாக்டர் மேஜையருகிலேயே நின்று, "சின்ன வயசுக்காரங்களுக்கும் இப்புடி வருமா டாக்டர்?" என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க என்னடி டாக்டரோட குசுகுசு? ஆள் பிடிச்சுக் குடுத்ததுக்கு எதுவும் தாராகளா?"

ஜோஸ்பின் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவள் குற்றவாளி என்று மாமியார் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அடுத்த வாரம் தனியாகவே பஸ் ஏறித் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே டாக்டர் தமிழ்மதி. நாற்பது வயதிருக்கும், தலைமுடி கலைந்து, மேஜையில் ஆறிப்போன டீ. இவர் எதையும் விரித்துக் காட்டவில்லை. பரிசோதித்துவிட்டு, "ஏம்மா, இம்புட்டு வருசமா இதை வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றார். யாரும் இதுவரை அவளிடம் கேட்காத கேள்வி. செவத்தியம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். இரக்கம் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாளோ என்று உடனே சுதாரித்துக்கொண்டாள்.

முதலில் ஒரு ரப்பர் வளையம் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். உள்ளே வைத்தால் இறங்குவதைத் தாங்கிக்கொள்ளும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி வைக்கலாம், நிறையப் பேருக்கு அதுவே போதும், அறுவையே வேண்டாம்.

"எடுக்கலாமா?"

"எப்ப வேணாலும் எடுக்கலாம்."

அந்தப் பதில் பிடித்துப்போய் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் நாள் வெங்காயத்தில் களை எடுக்க உட்கார்ந்து, ஒரு தும்மல் போட்டாள். வளையம் வரப்பில் கிடந்தது. கழுவி, தினசரித்தாளில் சுற்றி, மறுநாள் டாக்டர் மேஜையில் டொக்கென்று வைத்தாள். "இந்தா தாயி, ஒங்க வளையல்."

தமிழ்மதி சிரித்துவிட்டார். "ரொம்ப இறங்கிட்டவங்களுக்கு இப்புடி ஆகுறது உண்டும்மா. ஆபரேஷன்தான் பண்ணணும்."

"வலையா?"

"வேண்டாம். கர்ப்பப்பையைக் கீழ் வழியாவே எடுத்துட்டு, உங்க உடம்புலயே இருக்கிற தசைநார்ல மேல் பக்கத்தைக் கட்டி நிறுத்துவோம். முன்னாடி தளர்ந்த சதையையும் இழுத்துப் பிடிச்சு அதுலயே தைப்போம். நூல் ரெண்டு மூணு மாசத்துல கரைஞ்சுரும். அதுக்குள்ள உங்க சதை பிடிச்சுக்கணும்."

"வாழைநாரு மாதிரி" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. பிடிக்கலைன்னா?"

"பிடிக்காமலும் போகலாம். நூத்துக்கு இருபது, முப்பது பேருக்குப் பின்னால கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வலையில அது கொஞ்சம் குறைவுன்னு சொல்றாங்க. வலை வச்சு நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா சிலபேருக்கு அது உள்ளேயே அரிச்சுக்கிட்டு வெளிய நீட்டுது, வலி எடுக்குது. சதையோட சதையா ஒட்டினதைத் துண்டு துண்டாத்தான் எடுக்கணும், முழுசா வராது. அதான் முதல்லயே நான் அதை வைக்கிறதில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செவத்தியம்மாவுக்குக் குழப்பம். தன் சரக்கில் இருக்கிற சொத்தையைத் தானே எடுத்துக் காட்டுகிற வியாபாரியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இதில் என்ன சூது இருக்கும் என்று பதினைந்து நாள் யோசித்தாள். ஒரு சூதும் தட்டுப்படவில்லை. அதுவே பெரிய சூதாகப் பட்டது. நடுவில் இன்னொரு முறை ஜுரம் வந்து படுத்திருக்காவிட்டால் இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அறுவைக்குப் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்போதுதான் ஆரோக்கியதாஸுக்கு விஷயம் தெரிந்தது. தமிழ்மதி நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். ஆரோக்கியதாஸ் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"எனையப் பிடிக்கலைன்னுல்ல நெனச்சேன்" என்றார் கடைசியில். "பத்தொம்பது வருசம் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் புள்ள."

செவத்தியம்மா சுவரைப் பார்த்தாள். அழுகையாக வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்தப் போடுங்க மொதல்ல" என்றாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்தார்கள். வாய் மரக்கவில்லை. "உள்ள ஒண்ணும் வைக்கலையே தாயி? வேதத்து மேல சத்தியமா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டாள். "அம்மா, இப்புடிப் பேசிக்கிட்டே இருந்தீங்கன்னா மறந்து கத்தரிக்கோலை வச்சுத் தச்சுருவேன்" என்றார் தமிழ்மதி. அதற்கப்புறம்தான் வாய் மூடினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் கூடாது. பேரனை இடுப்பில் வைக்கக் கூடாது. தையல் பிடிப்பதும் விடுவதும் அதில்தான் இருக்கிறது.

இதுவரை நடந்ததில் செவத்தியம்மாவின் சந்தேகம் அவளைக் காப்பாற்றியது என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் மறுக்க முடியாது. இனிமேல் நடந்ததைக் கேளுங்கள்.

வேலை செய்துகொண்டே சந்தேகப்படுகிறவள் பாதி நேரம்தான் சந்தேகப்பட முடியும். இப்போது அவளுக்கு முழு நேரமும் கிடைத்துவிட்டது. பந்தலோரம் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கண் முழுக்க ஜோஸ்பின் மேல். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலிலிருந்து ரோடு வரைக்கும் காய்மூட்டை பெண்கள் தலையில், ரோட்டிலிருந்து மண்டி வேனுக்குள் ஆண்கள் கையில். நானூறு அடி பெண்களுக்கு, நாலு அடி ஆண்களுக்கு. மாமியார் சுமந்ததும் சேர்ந்து இப்போது மொத்தமும் மருமகள் தலையில் விழுந்தது. காலையில் தண்ணீர், மத்தியானம் மூட்டை, நடுவில் இரண்டு பிள்ளைகள். இனிகோ மருந்து அடிப்பான், மோட்டார் போடுவான், வேன் வந்தால் எழுந்து போவான்.

"என்னடி ஆமை மாதிரி நடக்குற? வேன்காரன் போயிரப் போறான்." "இந்த மூட்டைக்கு எதுக்கு இப்புடி மூச்சு வாங்குது? நாங்கள்லாம் ஒன் வயசுல ரெண்டு மூட்டையை அடுக்கித் தூக்கிட்டுப் போனவுக." மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது சும்மாவா?

ஒரு விஷயம் அவளுக்கு இடித்துக்கொண்டே இருந்தது. தினமும் நாலைந்து மூட்டை சுமந்து முடித்ததும், ஜோஸ்பின் மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கால் மணி நேரம், சிலநாள் அரை மணி நேரம். உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. அப்போதுதான் ஊரில் ஆளுக்கொரு செல்போன் வர ஆரம்பித்திருந்தது. செவத்தியம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவனோடோ பேசுகிறாள்! சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்றுதான் மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் போகிறாள்.

புருஷனிடம் சொன்னாள். "பாவம், அந்தப் புள்ள செத்த நேரம் நெழல்ல உக்காந்துட்டு வருது. அதுலயும் ஒனக்கு ஒரு இதுவா?" என்றார் அவர். ஆம்பளைக்கு என்ன தெரியும்! ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் எழுந்து, வரப்பில் அடி அடியாக வைத்து நடந்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக வாயில் அடுக்கிக்கொண்டு, தகரக் கதவைப் படாரென்று தள்ளினாள்.

ஜோஸ்பின் தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்புக்கு அடியில் உர மூட்டை. இரண்டு காலும் சுவரில் மேலே ஏறியிருந்தன. கண்களை இறுக்கி மூடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கையில் செல்போனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. செவத்தியம்மாவுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. பத்தொன்பது வருஷம் அவளும் இப்படித்தான் படுத்திருக்கிறாள்.

ஜோஸ்பின் பதறி எழுந்து சேலையை இழுத்துக்கொண்டாள்.

"எம்புட்டு நாளாடி?"

"சின்னவன் பெறந்ததுலருந்து அத்தே. பதினஞ்சாம் நாளு வெங்காயம் பிடுங்கப் போகச் சொன்னீங்கள்ல, அதுலருந்து. இப்ப ரெண்டு மாசமாத்தான் ரொம்ப."

"வாயில என்ன கொழுக்கட்டையா? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே அத்தே." ஜோஸ்பினின் குரலில் கோபம்கூட இல்லை. "இடுப்பு விட்டுப்போற மாதிரி இருக்கு, என்னமோ கீழ எறங்குதுன்னு அப்பவே சொன்னேன். வேலைக்குச் சடைஞ்சுக்கிட்டு நடிக்காதடின்னீங்க."

சொல்லியிருந்தாள்தான். செவத்தியம்மாவுக்கு நினைவு வந்தது. வெங்காயக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் ஒருத்திக்கு இந்த நோவு தெரியும் என்றால் அது தனக்குத்தான். தெரிந்த தானே நம்பவில்லை.

ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. பந்தலடியில் இன்னும் இரண்டு மூட்டை கிடந்தது. ஜோஸ்பின் பழக்கத்தில் சும்மாட்டுத் துணியை எடுத்தாள். செவத்தியம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து, "ஏலே இனிகோ!" என்று தோட்டம் அதிரக் கத்தினாள். "வந்து மூட்டைய ஒந் தலையில ஏத்துடா."

"நானா? ரோட்டுல நாலு பேரு பாத்தாச் சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். பல்லு இருக்கவன் சிரிக்கிறான். தூக்குடா!"

இனிகோ முறைத்தான். ஆரோக்கியதாஸ் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு முதல் மூட்டைக்குக் குனிந்தார். அதற்கப்புறம் மகனும் வந்தான்.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போவம்" என்றாள் செவத்தியம்மா, மருமகளிடம் திரும்பி.

"எதுக்கு அத்தே?" ஜோஸ்பின் ஓரடி பின்னால் நகர்ந்தாள். "அவுககிட்டக் காட்டி, இவ ஒடம்பு சரியில்லாதவன்னு எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பவா?"

"அட கூறுகெட்டவளே, நெசமாத்தான் சொல்றேன்."

ஜோஸ்பின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை. அது முகத்தில் எழுதியே இருந்தது.

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் அதே வரிசை, அதே மூன்று மணி நேரம். உள்ளே போனதும் செவத்தியம்மா முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். தமிழ்மதி கையைக் காட்டி நிறுத்தி, "அவங்களே சொல்லட்டும்மா" என்றார்.

ஜோஸ்பின் டாக்டரைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். "அத்தை வெளிய இருக்கட்டும் டாக்டர்" என்றாள்.

செவத்தியம்மா வெளியே வந்தாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, ஒரு விரல் அளவு சந்து இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு சந்தைச் சும்மா விட்டவள் இல்லை அவள். வராந்தாவின் கடைசியில், ஒரு வார்த்தைகூடக் காதில் விழாத தூரத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அழுகிற சத்தம் மட்டும் ஒருமுறை லேசாக வந்தது.

அரை மணி நேரம் கழித்து ஜோஸ்பின் வந்தாள். கண் சிவந்திருந்தது. நேராக வந்து, கையிலிருந்த ஒரு சீட்டை நீட்டினாள்.

"ஆபரேஷன் வேண்டாமாம் அத்தே. வளையம் வச்சிருக்காங்க, பயிற்சி சொல்லிக் குடுத்திருக்காங்க. பாரம் மட்டும் தூக்கக் கூடாதாம். நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கியாந்தேன். சீல் கூட வச்சிருக்கு, பாருங்க."

"வேண்டாம்த்தா. நீ சொன்னாப் போதும்" என்றாள் செவத்தியம்மா.

ஜோஸ்பின் நீட்டிய கையை மடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு போகிற வரைக்கும் அந்தச் சீட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.